அத்தானை மலையேற்றப் போனேன்

மலேசியாவின் ஈப்போவில் ஓர் இடைநிலைப் பள்ளியில் முப்பத்தொரு வருடம் உடற்கல்வி ஆசிரியராக இருந்தவன் நான். சோம்பல், காதல் தோல்வி, கணக்கில் முட்டை, எதுவானாலும் பையனைத் திடலை நாலு சுற்று ஓடவிட்டால் சரியாகிவிடும் என்று நம்பியே ஓய்வு பெற்றேன். அதனால், லண்டனிலிருந்து அக்கா மகள் ஷாலினி தொலைபேசியில் கூப்பிட்டு, "மாமா, அப்பாவை மலைக்குத் தயார் பண்ணணும். வர முடியுமா?" என்று கேட்டபோது எனக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

ஷாலினி பேசுவதெல்லாம் ஆங்கிலம். அப்பா, மாமா என்ற இரண்டு சொற்கள்தான் தமிழ். இங்கே அவள் வாயில் நான் போடும் தமிழெல்லாம் என்னுடையது.

அத்தான் தியாகராஜன் இருபது வயதில் மலேசியாவிலிருந்து படிக்கப் போய் லண்டனிலேயே தங்கிவிட்ட மனிதர். கட்டடப் பொறியாளர். அலுவலகத்தில் ஒரு வெள்ளைக்கார நண்பர் அவரை ஸ்காட்லாந்து மலைகளுக்கு மான் வேட்டைக்குக் கூட்டிப்போக, அன்று பிடித்த பைத்தியம் விடவில்லை. வருடம் தவறாமல் இலையுதிர் காலத்தில் ஒரு வாரம் மலை. சரோஜா அக்காவும் கூடப் போவாள். வாடகை வீட்டில் உட்கார்ந்துகொண்டு, அவர் இழுத்துவரும் மானின் ஈரலை மிளகு போட்டு வறுத்து வைப்பது அவள் பங்கு.

போன நவம்பரில் அக்கா போய்விட்டாள். மருத்துவமனையில் மூன்றே வாரம். அப்போது எனக்கு முழங்காலில் அறுவை சிகிச்சை முடிந்து நாலாம் நாள். அக்காவின் தகனத்தைக் கட்டிலில் படுத்தபடி கைப்பேசியில் பார்த்தேன். நடுவில் இரண்டு முறை படம் நின்றுபோனது. இதை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் வெட்கமாக இருக்கிறது.

பத்து மாதம் கழித்து, செப்டம்பர் நடுவில், லண்டன் கோலியர்ஸ் வுட்டில் அவர்கள் வீட்டு வாசலில் இறங்கினேன். அத்தான் கதவைத் திறந்தார். சட்டை அவர்மேல் கொடியில் காய்வதுபோல் தொங்கியது. "வா சந்திரா, பயணம் சுகமா?" என்றார். பெட்டியைத் தூக்கிக்கொண்டு மாடிப்படி ஏறினார். எட்டாவது படியில் நின்று, சுவரில் மாட்டியிருந்த படத்தைப் பார்ப்பதுபோல் பாவனை செய்தார். மூச்சு வாங்குகிறது என்று தெரியாமலிருக்க என் மாணவர்கள் குனிந்து சப்பாத்துக் கயிறு கட்டுவார்கள். நான் கண்டுகொள்ளாத மாதிரி இருந்தேன்.

இந்த வேட்டை நம் ஊரில் காட்டுப்பன்றிக்கு ஜீப்பில் போய் இறங்குவது மாதிரி இல்லை. ஐந்தாறு மணி நேரம் சேற்று மலையில் ஏற வேண்டும். காற்று நம் வாடையை மானிடம் கொண்டுபோகாத பக்கமாகச் சுற்றிப்போய், ஈரப் புல்லில் வயிற்றால் ஊர்ந்து, இரைக்கிற மூச்சை அடக்கி, ஒரே ஒரு குண்டு. விழுந்ததைக் கயிறு கட்டிக் கீழே இழுத்து வர வேண்டும். தொடையும் நுரையீரலும் இல்லாதவனுக்கு அங்கே வேலை கிடையாது. அத்தானுக்கு அறுபத்து நாலு வயது. மலைக்குப் புறப்படும்வரை எனக்குக் கிடைத்தது மூன்று வாரம்.

மறுநாள் காலை குளிர்பதனப் பெட்டியின் கதவில் அட்டவணை ஒட்டினேன். காலை நடை, படியேற்றம், ஓய்வு, மாலை நடை. அத்தான் அதைக் கண்ணாடி போட்டுக்கொண்டு படித்தார். "பரீட்சை உண்டா?" என்றார். வந்ததிலிருந்து அவர் சொன்ன ஒரே வேடிக்கை அது.

முதுகுப்பையில் பாரம் ஏற்ற வேண்டும். அவர் வீட்டில் எடைக்கல் எதுவும் இல்லை. தெருமுனை யாழ்ப்பாணத்தார் கடையில் பத்துக் கிலோ அரிசி வாங்கி, பாதியைத் துணிப்பையில் கட்டிப் போட்டேன். முதல் வாரம் ஐந்து கிலோ, பிறகு பத்து. தினமும் காலையும் மாலையும் அந்தக் கடையைத் தாண்டித்தான் போவோம். நாலாம் நாள் கடைக்காரர் வெளியே வந்துவிட்டார்.

"என்ன அண்ணை, ஒவ்வொரு நாளும் அரிசி மூட்டையோட போறியள்? வீட்டில கலியாணமோ?"

"இல்லீங்க, உடற்பயிற்சி" என்றேன்.

"ஓம், ஓம்" என்றார் அவர், ஒரு சொல்லையும் நம்பாமல். "வேற கடையில வாங்கிறதெண்டால் சொல்லுங்கோ. நான் விலை குறைச்சுத் தாறன்."

சாப்பாட்டு விஷயத்தில்தான் நான் பெரிய முட்டாள் ஆனேன். அத்தான் காலையில் ரொட்டி, பகலில் ரொட்டியும் டின் பயறும், மாலையில் சூப்பும் ரொட்டியும். நான் எனக்காகச் சோறு வடித்து, ரசம் வைத்து, சம்பல் அரைத்தால் பக்கத்தில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருப்பார், தட்டைத் தொடமாட்டார். "சோறு வேணாம்பா, உடம்பு கொறையணும்ல" என்பார். உடம்பில் குறைப்பதற்கு எலும்பைத் தவிர என்ன இருந்தது? ஆனால் நான் கட்டுப்பாட்டைக் கண்டால் மயங்குகிற ஆள். பயிற்சியாளர் சொல்லாமலே மாவுச்சத்தைக் குறைக்கிறாரே என்று மெச்சிக்கொண்டேன்.

இதற்கிடையில் ஈப்போவிலிருந்து என் மனைவி வேறு. "புரட்டாசி மாசத்துல மான் சுடப் போறீங்களா? நீங்க கிட்டயே நிக்கக் கூடாது, சொல்லிட்டேன்" என்றாள். நான் புல் மேல் படுத்து வேடிக்கைதான் பார்ப்பேன் என்று சத்தியம் செய்தேன்.

ஆறாம் நாள் ஹாம்ப்ஸ்டட் சுரங்க ரயில் நிலையத்துக்குப் போனோம். லண்டனிலேயே ஆழமான நிலையம் அதுதானாம். முந்நூறுக்கு மேல் படிகள், கிணற்றுக்குள் சுற்றிச்சுற்றி. அவசரத்துக்கு மட்டும் பயன்படுத்தவும் என்று பலகை இருந்தது. எங்களுக்கு அவசரம்தான் என்று அத்தானை இழுத்துக்கொண்டு ஏறினேன். மலேசியாவில் பத்துமலைப் படியைக் காவடியோடு ஏறுகிறவர்களைப் பார்த்தவன் நான், இதெல்லாம் எம்மாத்திரம் என்ற எண்ணம்.

நூறாவது படிவாக்கில் அத்தான் உட்கார்ந்துவிட்டார். உதடு வெளுத்திருந்தது. நான் தண்ணீர் கொடுத்துக்கொண்டிருந்தபோது ஒரு தாயும் சிறுமியும் எங்களைத் தாண்டி ஏறினார்கள். சிறுமி அம்மாவிடம் சொன்னது கிணற்றில் நன்றாகவே எதிரொலித்தது: "அம்மா, இந்த ரெண்டு தாத்தாவும் வீட்டை விட்டு ஓடிப் போறாங்களா?"

அத்தான் சிரிப்பார் என்று பார்த்தேன். அவர் அந்தச் சிறுமி போன வளைவையே பார்த்துக்கொண்டிருந்தார். மேலே வந்ததும் நிலைய ஊழியர் பெண் எங்களை நிற்க வைத்துத் திட்டினாள். வயதென்ன, இதயம் நின்றுபோனால் யார் தூக்குவது என்று கேட்டாள். நியாயமான திட்டுதான். தலைகுனிந்து வாங்கிக்கொண்டோம்.

அன்றைக்கு வீட்டுக்கு வந்து, துப்பாக்கியைக் காட்டுங்கள் என்று கேட்டேன். மாடிப்படிக்குக் கீழுள்ள அலமாரியில், சுவரோடு முடுக்கிய இரும்புப் பெட்டிக்குள் அது இருக்கிறது என்று எனக்குத் தெரியும். அதைத் தோளில் வைத்துப் பழகினால் உற்சாகம் வரும் என்று நினைத்தேன். "மொதல்ல காலு சரியாகட்டும்" என்று சொல்லிவிட்டுக் குளிக்கப் போனார்.

ஒன்பதாம் நாள் விம்பிள்டன் பொதுவெளியில் ஊர்வதற்குப் பயிற்சி. பனி இறங்கிய புல்லில் வயிற்றால் ஐம்பதடி. எங்கள் இருவரின் முழங்கையும் முன்சட்டையும் சேறு. நாயோடு வந்த ஒரு மூதாட்டி நின்று, "ஏதாவது தொலைச்சிட்டீங்களா?" என்று கேட்டார்.

"ஆமா" என்றார் அத்தான்.

அந்த அம்மாள் பாவம், கைத்தடியால் புல்லை விலக்கி விலக்கி ஐந்து நிமிடம் எங்களோடு தேடினார். என்ன பொருள் என்றுகூடக் கேட்கவில்லை. கழுத்தில் தொங்கிய விசிலை அன்று நான் ஊதவில்லை.

ஆனால் கால்கள் தேறிவந்தன, அதைச் சொல்லியாக வேண்டும். இரண்டாம் வாரக் கடைசியில் மாடிப்படியை நிற்காமல் ஏறினார். விம்பிள்டன் மேட்டைப் பத்துக் கிலோவோடு ஏறி இறங்கினார். தூக்கம் வருகிறது என்றார். நான் ஷாலினிக்குத் தினமும் அறிக்கை அனுப்புவேன்: இன்று இத்தனை மைல், நாடித்துடிப்பு இவ்வளவு. அவள் உடனே பதில் போடுவாள், ஆனால் ஒரு தடவையும் மைலைப் பற்றிக் கேட்கமாட்டாள். அப்பா பேசினாரா, சாப்பிட்டாரா, தூங்கினாரா என்பதுதான். இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு விளையாட்டின் அருமை தெரியவில்லை என்று எண்ணிக்கொண்டேன்.

பதினைந்தாம் நாள் பிற்பகல், கிங்ஸ்டன் பக்கமிருந்து திரும்பும் பேருந்தில் அது நடந்தது. மழை. கூட்டம். மேல்தளத்திலிருந்து இறங்கும்போது அத்தானின் பையில் தையல் விட்டுவிட்டது. நாங்கள் கவனிக்கவில்லை.

"ஐயோ அண்ணை, உங்கட பையால அரிசி கொட்டுண்டுது!" என்று ஒரு பெண் குரல்.

படிக்கட்டு முழுக்க, கீழ்த்தளத்தின் நடைபாதை முழுக்க அரிசி. ஏறுகிறவர்களும் இறங்குகிறவர்களும் ஈரச் சப்பாத்தோடு அதன்மேல் நறநறவென்று நடந்தார்கள். குரல் கொடுத்த பெண்மணி இருக்கையில் இரண்டு காலையும் தூக்கிக்கொண்டார். அவருக்கு எதிரே இருந்த இளைஞனும் தூக்கினான். பின்னால் சீருடையோடு வேலைக்குப் போகும் ஒரு பெரியவரும் தூக்கினார். அந்தப் பேருந்தில் யார் யார் தமிழர் என்று காலைப் பார்த்தே எண்ணிவிடலாம் போலிருந்தது. எனக்குச் சிரிப்பு வந்தது.

திரும்பினால் அத்தான் முழங்காலில் விழுந்திருந்தார். மிதித்து நடப்பவர்களின் கால்களுக்கு நடுவே கையை விட்டு விட்டு அரிசியைப் பொறுக்கினார். அள்ளவில்லை, ஒவ்வொரு மணியாகப் பொறுக்கினார்.

"விடுங்கோ அண்ணை, காலில மிதிபட்ட அரிசி, சமைக்க ஏலாது. நான் கூட்டி அள்ளுறன்" என்று அந்தப் பெண்மணி செய்தித்தாளை மடித்துக்கொண்டு குனிந்தார். அத்தான் அவரை நிமிர்ந்து பார்த்தார்.

"என் மனைவிக்கு வாய்க்கரிசி போட்டேன்மா. அதுக்கப்புறம் இன்னைக்குத்தான் அரிசியைக் கையால தொடுறேன்."

அந்தப் பெண்மணி செய்தித்தாளைக் கீழே வைத்துவிட்டு, முன்பின் தெரியாத அத்தானின் தோளில் கையை வைத்தார். "எப்பயண்ணை?" என்றார். "பத்து மாசம்" என்றார் அத்தான். எங்கள் நிறுத்தம் தாண்டிப் போய்விட்டது. நான் மணியை அடிக்கவில்லை.

பதினைந்து நாள் அவர் சோற்றைத் தொடாததை நான் உணவுக் கட்டுப்பாடு என்று எழுதி வைத்திருந்தேன். என்னை நானே அறைந்துகொள்ளலாம் போலிருந்தது.

வீடு வந்து சேர்ந்தபோது மழை விட்டு மாலை வெயில் இருந்தது. ஈரச் சட்டையைக்கூட மாற்றாமல் மாடிப்படிக்குக் கீழிருந்த அலமாரியைத் திறந்தார். இரும்புப் பெட்டியின் கதவை இழுத்தார். அது பூட்டியே இல்லை. உள்ளே ஒன்றுமில்லை.

"சட்டப்படி இதோட சாவி என்கிட்ட மட்டும்தான் இருக்கணும். எங்க இருக்குன்னு வீட்ல வேற யாருக்கும் தெரியவே கூடாது" என்றார். "உங்கக்காவைத் தெரியும்ல உனக்கு. பீரோ சாவி, கார் சாவி, கொல்லைக் கதவு சாவி எல்லாம் ஒரே கொத்து. இதையும் அதுலயே மாட்டிக்கிட்டா. போலீஸ் பார்வையிட வர்ற அன்னைக்கு மட்டும் கழட்டி என் பாக்கெட்ல போடுவா. அவங்க போனதும் திரும்ப வாங்கிக்குவா. கேட்டா, வீட்டுச் சாவி பொம்பள கிட்டதான் இருக்கணும்னு சொல்லுவா."

நான் மாடிப்படியின் கீழ்ப்படியில் உட்கார்ந்தேன்.

"காரியம் முடிஞ்ச மறுநாள் ஷாலினி அம்மாவோட கைப்பையைக் கொண்டாந்து குடுத்தா. கொத்து அதுக்குள்ள இருந்துச்சு. இத்தனை வருசத்துல அன்னைக்குத்தான் சாவி சட்டப்படி என் கைக்கு வந்துச்சு." அவர் பெட்டிக் கதவைச் சாத்தினார். "தொறந்தேன். எடுத்து மடியில வெச்சுக்கிட்டு, இப்ப நீ உக்காந்திருக்கிற அதே படியில உக்காந்திருந்தேன். எவ்ளோ நேரம்னு தெரியல. மான் ஞாபகமே வரல, சந்திரா."

நான் சட்டென்று அந்தப் படியை விட்டு எழுந்தேன்.

"அப்புறம் எனக்கே பயமாயிடுச்சு. மறுநாள் காலையில போலீசுக்குப் போன் போட்டு எடுத்துட்டுப் போயிடுங்கன்னேன். ஏன்னு கேட்டாங்க. சொன்னேன். டாக்டர்கிட்டயும் சொன்னேன். வாரம் ஒருவாட்டி ஒரு அம்மாகிட்டப் போய்ப் பேசிட்டு வர்றேன். லைப்ரரிக்குப் போறேன்னு உன்கிட்ட சொல்லிட்டுப் போறது அங்கதான்."

"அப்ப எதுக்கு அத்தான் இந்தப் பயிற்சி எல்லாம்? என்னைய ரெண்டு வாரமா..." எனக்குக் கோபம் வந்தது. யார்மேல் என்று தெரியவில்லை.

"ஷாலினி ஆசையா ஏற்பாடு பண்ணிட்டா. வரலன்னா ஏன்னு கேப்பா. துப்பாக்கி எங்கன்னு கேப்பா. அம்மாவைப் பறிகொடுத்த புள்ளகிட்ட இதை எப்படிலா சொல்றது?"

சொல்லித்தான் ஆக வேண்டும் என்றேன். சோறு வடித்தேன். அத்தான் இரண்டு வாய் சாப்பிட்டார்.

பதினெட்டாம் நாள் ஞாயிற்றுக்கிழமை. கடைசிச் சோதனையாக ரிச்மண்ட் பூங்காவை முழுதாகச் சுற்றுவது என்று முன்பே திட்டம். பூங்கா என்றதும் நான் ஊஞ்சலும் வாத்துக் குளமும் எதிர்பார்த்தேன். அது ஒரு காடு. நகரத்துக்கு நடுவில் நூற்றுக்கணக்கான மான்கள் அவிழ்த்துவிட்ட மாடுகள்போல் நடமாடுகின்றன. இணை சேரும் பருவம். கொம்பில் காய்ந்த பெரணிச் செடியைச் சுற்றிக்கொண்டு கலைமான்கள் கத்திக்கொண்டிருந்தன. மான் இப்படிக் கத்தும் என்று யாராவது சொல்லியிருந்தால் நம்பியிருக்கமாட்டேன். பாரம் ஏற்றிய லாரி மேட்டில் திணறுகிற சத்தம்.

ஷாலினி தான் குடியிருக்கும் கிங்ஸ்பரியிலிருந்து வந்து பூங்கா வாசலில் சேர்ந்துகொண்டாள். மூன்று பேரும் நடந்தோம். அத்தான் எனக்கு முன்னால் போனார், மூச்சு சீராக இருந்தது. பயிற்சியாளனாக நான் வெற்றி பெற்றுவிட்டேன். மேட்டில் ஏறி, தூரத்தில் நகரம் மங்கலாகத் தெரிகிற இடத்தில் அவர் நின்றார். பையைக் கழற்றிக் கீழே வைத்தார்.

"ஷாலு, ஒண்ணு சொல்லணும்மா. துப்பாக்கி இல்ல. நான் குடுத்துட்டேன்." ஆங்கிலத்தில் ஆரம்பித்துத் தமிழுக்கு வந்து, மறுபடி ஆங்கிலத்தில் திணறினார். "ஏன்னா, அம்மா போனப்புறம் ஒரு நாள் நான்..."

"தெரியும், அப்பா."

அவள் அவரைப் பார்க்காமல் மான்களைப் பார்த்தபடி சொன்னாள். டிசம்பரில் ஒரு நாள் அலமாரியில் குடை தேடப் போனவள், அம்மாவின் சாவிக்கொத்து பெட்டிப் பூட்டிலேயே தொங்குவதைப் பார்த்திருக்கிறாள். பெட்டி காலி. அப்பா ஏன் கொடுத்தார் என்று அவளுக்குப் புரிந்துவிட்டது. கேட்டால் அவர் உடைந்துபோவாரோ என்று கேட்கவில்லை. தினமும் மருந்தகத்தில் வேலைக்கு நடுவே கழிவறைக்குப் போய் அவருக்குப் போன் பண்ணுவாளாம். அவர் எடுக்கும்வரை மூச்சு வராதாம்.

"மலைக்கு வீடு மட்டும்தான் எடுத்திருக்கேன்பா. வேட்டைக்கு யார்கிட்டயும் சொல்லி வைக்கவே இல்ல. உங்களுக்கு முன்னால ஒரு தேதி இருக்கணும்னு நெனச்சேன். அந்தத் தேதி வரைக்கும் நீங்க இருப்பீங்கன்னு." பிறகு என் பக்கம் திரும்பினாள். "மன்னிச்சிருங்க மாமா. அப்பாவோட கால் வலு எனக்கு முக்கியமில்ல. நான் இல்லாத நேரத்துல வீட்ல யாராவது இருக்கணும்."

ஆக மூன்று பேரில் விஷயம் தெரியாமல் நாடித்துடிப்பை எழுதிக்கொண்டிருந்தவன் நான் ஒருவன்தான். அது எனக்கு வருத்தமாகவே இல்லை.

அத்தான், கால் தளர்ந்து அல்ல, வேண்டுமென்றே புல்லில் உட்கார்ந்தார். "சரோ" என்றார். அக்காவை அவர் அப்படிக் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. அதற்குப் பிறகு வந்தது அழுகை. ஒரு மனிதன் பத்து மாதம் அடக்கி வைத்த அழுகை. ஷாலினி அவரைக் கட்டிக்கொண்டாள். நானும் போய் இருவரையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டு, "அக்கா, அக்கா" என்று வாய்விட்டு அழுதேன்.

தகனக் கூடத்தில் அவர்களுக்கு ஒதுக்கிய நேரம் அரை மணி என்று ஷாலினி பிறகு சொன்னாள். கறுப்புச் சட்டையில் வரிசையாக உட்கார்ந்திருந்தார்களாம். யாரும் யாரையும் தொடவில்லை. கதவுக்கு வெளியே அடுத்த குடும்பம் காத்திருந்ததாம்.

இங்கே எங்களை யாரும் எழுந்திருக்கச் சொல்லவில்லை. ஓடப் போகிறவர்களும் சைக்கிள்காரர்களும் கொஞ்சம் தள்ளிச் சுற்றிக்கொண்டு போனார்கள். மதியம் திரும்பி வெயில் சாயும்வரை அந்த ஈரப் புல்லிலேயே உட்கார்ந்து, முறைப்படி, அக்காவுக்காக அழுதோம்.